இருவர் பிடித்த கார்வை

பெரியவள் கடைசி அடிக்கு வந்துவிட்டாள் என்றால் பிரார்த்தனை மண்டபத்தில் இருமல்கூட அடங்கிவிடும். நெளிகிற குழந்தைகளைத் தாய்மார் மடியில் இறுக்கிக்கொள்வார்கள். வாசலில் செருப்புகளை நேராக்கிக்கொண்டிருக்கும் காவலாளி நிமிர்ந்து நிற்பார். பாட்டின் கடைசிச் சொல் "அருள்வாயே". அந்த "யே" வந்ததும் அக்காளும் தங்கையும் குரலை அங்கேயே நிறுத்தி, ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். பாடுகிறவர்கள் அதைக் கார்வை என்பார்கள். கேட்கிறவர்களுக்குப் பெயர் எதற்கு? அவர்களும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கார்வை முடிந்ததும் மண்டபமே "அப்பாடா" என்று மூச்சு விடும்.

"பாடறது அவங்க, மூச்சு வாங்கறது நாம" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் வீட்டுக்குப் போகமாட்டார்.

இதனால்தான் பெரியவளுக்கு மூச்சுக்காரி என்று பெயர் வந்தது. அவளுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. பகலெல்லாம் துணி திருத்தும் கடையில் மற்றவர்களின் கால்சட்டைகளுக்கு விளிம்பு மடித்துத் தைப்பவளை வேறு எதற்காகத்தான் நாலு பேர் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

மூச்சை அவள் வளர்த்தது பிள்ளை வளர்த்தது போல. காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து, இரண்டு கைகளையும் விலாவில் வைத்துக்கொண்டு நிற்பாள். தோள் உயரக் கூடாது. விலா மட்டும் குடை விரிகிற மாதிரி பக்கவாட்டில் விரிய வேண்டும். காற்றை அள்ளக் கூடாது, பூவை முகர்கிற மாதிரி வாங்க வேண்டும். வாங்கிய காற்றை உடனே செலவழித்துவிடாமல், விலாவை மூட விடாமல், நூலை இழுப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். "கடவுள் எல்லாருக்கும் ஒரே காத்தைத்தான் குடுத்திருக்கார். சிக்கனமாச் செலவு பண்ணறவன்தான் பாடகன்" என்பாள்.

"அப்போ நான் பெரிய பாடகன்தான். இந்தச் சட்டையை எத்தனை வருஷமாப் போடறேன் பாரு" என்பான் பஸ் டிரைவரான அவள் கணவன், சீப்பைத் தேடிக்கொண்டே.

இரண்டு பேர் சேர்ந்து பாடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒருத்தி மூச்சு எடுக்கும்போது மற்றவள் குரலை விடாமல் தாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் எடுத்துவிட்டால் கார்வையில் ஓட்டை விழுந்துவிடும். அதற்காகவே இருவரும் மேடையில் ஒட்டி உட்காருவார்கள். பெரியவள் மூச்சு வாங்கினால் அவள் விலா விரிவது சின்னவளின் முழங்கையில் தெரியும். அந்த இடத்தில் சின்னவள் தாங்குவாள். பெரியவளின் குரல் திரும்ப வந்து சேர்ந்த பிறகு தன் மூச்சை எடுத்துக்கொள்வாள். நல்ல தையலில் நூல் மாறிய இடம் தெரியாதல்லவா, அப்படி.

கார்வை முழுவதும் தன்னுடையது, நடுவில் ஒரு இடத்தில் மட்டும் தங்கை கை கொடுக்கிறாள் என்றுதான் பெரியவள் நினைத்திருந்தாள். நினைப்பதற்கு நியாயமும் இருந்தது. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. சமீபமாகக் கொஞ்சம் அடிக்கடி காற்று தேவைப்படுகிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்கவேண்டி வந்தது. கடையில் பறக்கும் பஞ்சுத்தூசி என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் மேடையில் உட்கார்ந்தால் குரல் அறாமல் காதில் விழுந்துகொண்டிருந்தது. காது சொன்னதை நம்பினாள், நெஞ்சு சொன்னதை நம்பவில்லை. பாடகிக்குக் காதுதானே சாட்சி?

படுக்கையைவிட்டு எழ முடியாத நோயாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, அக்காள் தங்கை பாட்டுகளைப் பதிவு செய்யலாம் என்று மண்டபத்தார் முடிவு செய்தார்கள். பதிவு அறை ஒரு மருந்துக் கடைக்குக் கீழே, தரைக்கு அடியில் இருந்தது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது. பேசினால் சொல் வாயைவிட்டு வெளியே போவதற்குள் செத்துவிடும்போல் இருந்தது. ஒலிப்பதிவாளர் ஒல்லியான மனிதர். கழுத்தில் ஹெட்போன் தொங்காமல் அவரை அவர் மனைவியே பார்த்திருக்கமாட்டாள் என்று பெரியவள் தங்கை காதில் சொன்னாள்.

அவர் இரண்டு நாற்காலிகளையும் தள்ளித் தள்ளிப் போட்டு, நடுவில் கம்பளி சுற்றிய ஒரு தடுப்பை நிறுத்தினார்.

"ஒட்டி உக்காந்தாதாங்க எங்களுக்கு வரும்" என்றாள் சின்னவள். குரலில் பதற்றம் இருந்தது.

"ஒட்டி உக்காந்தா ரெண்டு மைக்லயும் ரெண்டு பேரும் விழுவீங்கம்மா. அப்புறம் யாரைக் கூட்டறது, யாரைக் குறைக்கறது?"

"இந்தத் தடுப்பையாவது கொஞ்சம் இறக்கிவிடுங்க. அக்கா கழுத்து தெரியணும்."

தடுப்பு தோள்வரை இறங்கியது. பாட்டு முழுக்கச் சின்னவள் அக்காளின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி அப்படிப் பாக்கறே? புதுச் சங்கிலியா போட்டிருக்கேன்?" என்றாள் பெரியவள், முடிந்ததும்.

சின்னவள் சிரித்துவிட்டு, நாக்கு வறண்டுவிட்டது, டீ வாங்கி வருகிறேன் என்று மேலே போனாள்.

ஒலிப்பதிவாளர் திரையைப் பார்த்துக்கொண்டு எதையோ சரிசெய்தார். பெரியவளுக்கு ஆசை வந்தது. இத்தனை வருஷம் பாடியும் தன் குரலைத் தனியாக அவள் கேட்டதே இல்லை. "அந்தக் கார்வையில என் குரலை மட்டும் போடுங்களேன், கேப்போம்" என்றாள்.

"எதுக்கும்மா? ரெண்டும் சேர்ந்துதான் அழகு" என்றார் அவர். கை பொத்தானுக்குப் போகவில்லை.

"போடுங்க, சும்மா. என்னை நானே மெச்சிக்க வேண்டாமா?"

அவர் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார்.

"அருள்வாயே" என்று தன் குரல் வந்தது. அது பரவாயில்லை. "யே" நின்றது. நின்று, சட்டென்று இல்லாமல் போனது. வெறும் காற்று இழுபடும் சத்தம், இற்றுப்போன ரப்பர் குழாய்க்குள் இழுத்ததுபோல். மறுபடி ஒரு துண்டு "யே". மறுபடி காற்று. இன்னும் சின்னத் துண்டு. பிறகு வெகுநேரம் காற்று மட்டும்.

"உங்க மிஷின் தூங்கிடுச்சா? விட்டு விட்டு வருதே" என்றாள்.

அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "மிஷின் இல்லைங்கம்மா" என்றார், மெதுவாக.

அவளுக்குப் புரிந்தது. ஹெட்போனை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "இன்னொண்ணைப் போடுங்க" என்றாள்.

தங்கையின் குரல் வந்தது. நீளம் நீளமாக வந்தது, தாங்க வேண்டிய இடத்தில் ஓர் இழைகூட அறவில்லை. அதிலும் எங்கெல்லாம் பெரியவள் விட்டாளோ அங்கெல்லாம் அந்தக் குரல் கொஞ்சம் தடித்து, கொஞ்சம் இருண்டு, பெரியவளின் குரல் போலவே ஆகியிருந்தது. அக்காள் திரும்ப வந்து சேர்ந்ததும் மறுபடி மெலிந்து தன் இடத்துக்கு ஒதுங்கியது. சொந்த அக்காளே ஏமாந்த வேலை. மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

சின்னவள் மூன்று டீயோடு படியிறங்கி வந்தாள். ஹெட்போன் யார் தலையில் இருக்கிறது என்று பார்த்தாள். டீயை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

பஸ் நிறுத்தத்துக்கு இருவரும் நடந்தார்கள். நடைபாதையில் பெரியவள் இரண்டு தடவை நின்றாள். கடை ஜன்னலில் எதையோ பார்ப்பதுபோல் நின்றாள். இரண்டாவது ஜன்னலில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, காலிப் பெட்டிகள்தான்.

"எத்தனை நாளா?" என்றாள் கடைசியில்.

"என்ன எத்தனை நாளா?"

"நடிக்காதேடி."

சின்னவள் தரையைப் பார்த்தாள். "போன வருஷத்துக்கு முன்னாலயே. முதல்ல கூடுதலா ஒரு இடத்துல. அப்புறம் ரெண்டு. அப்புறம் நான் எண்ணறதை விட்டுட்டேன்."

"வாயைத் திறந்து சொன்னா என்ன? முத்து உதிர்ந்துடுமா?"

"சொன்னா நீ பாடறதை விட்டுடுவே. பாடாம நீ எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாதா? அப்பா போனப்பகூட நீ அழலை, பாடினே."

"அதுக்காக? சாமிக்கு முன்னால நான் பாடறதா நினைச்சு உக்காந்திருந்தேன். நான் வாயைத் திறந்து வச்ச பொம்மை, உள்ள நீ! என் பாட்டையும் நீயே பாடி, கைதட்டலை மட்டும் எனக்குப் பிச்சை போட்டியா?"

"அக்கா, அப்படிச் சொல்லாதே."

"திருடி" என்றாள் பெரியவள்.

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். தங்கை ஏறவில்லை. கதவு மூடியது.

கணவன் கூட்டிக்கொண்டு போன நுரையீரல் டாக்டர் இளைய வயதுக்காரர், முகத்தில் பொறுமை இருந்தது. ஒரு குழாயைக் கையில் கொடுத்து, ஊதச் சொன்னார். "இன்னும், இன்னும், இன்னும்" என்று கூடவே ஊக்கினார். பெரியவள் விலாவை விரித்து, தோளை அடக்கி, கற்றதையெல்லாம் காட்டி ஊதினாள். பக்கத்தில் நின்ற டிரைவரும் தன்னை அறியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தான். சின்னவள் சொல்லாமலே வந்து வெளியே நின்றாள். கதவு ஒருக்களித்திருந்தது.

"நுரையீரல் விறைச்சுக்கிட்டே வருதும்மா. பழசான ரப்பர் மாதிரி. தழும்பு விழுந்த இடம் திரும்ப இளகாது" என்றார் டாக்டர். "துணித்தூசியாலயா, வேற எதனாலயான்னு உறுதியாச் சொல்ல முடியலை. எப்ப மூச்சு வாங்க ஆரம்பிச்சது?"

"படியேறும்போது கொஞ்ச நாளா..."

"பாட்டுல?"

பெரியவள் கையிலிருந்த குழாயை மேசைமேல் வைத்தாள்.

"பாடறவங்க சாதாரணமா சீக்கிரமே வந்துடுவாங்க. ஒரு வரி குறைஞ்சாலும் அவங்களுக்குத் தெரிஞ்சுடும். அதான் கேட்டேன்" என்றார் அவர். குற்றம் சொல்லும் குரல் இல்லை. "முன்னாடியே வந்திருந்தா, நிறுத்தியிருக்க முடியாது, ஆனா கொஞ்சம் மெதுவாக்கியிருக்கலாம். போகட்டும். இனிமே உள்ளதைக் காப்பாத்துவோம். பேசலாம், மெல்ல முணுமுணுக்கலாம். அந்த நீளப் பிடியெல்லாம் வேண்டாம்."

வெளியே ஒரு நாற்காலி சுவரில் இடித்த சத்தம் கேட்டது. டிரைவர் எட்டிப் பார்த்தான். நடைகூடத்தின் கடைசியில் சின்னவள் போய்க்கொண்டிருந்தாள். சுவரைத் தொட்டுக்கொண்டே போனாள், இருட்டில் நடப்பவள் போல.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. இனி பாடுவதாக இல்லை என்று மண்டபத்தாரிடம் சொல்லிவிட்டாளாம். செய்தி காவலாளி மூலமாக வந்தது.

"பாடாம இருக்கட்டும்" என்றாள் பெரியவள். சொன்ன வாய் கசந்தது.

வீட்டில் அவள் படாத பாடு பட்டாள். பிரார்த்தனை என்றால் அவளுக்குப் பாட்டுதான். வெறும் சொல்லாகக் கடவுளிடம் பேசிப் பழக்கமில்லை. கைகூப்பி உட்கார்ந்தால் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. பல வருஷம் கடிதத்திலேயே பேசிக்கொண்டவர் நேரில் வந்து நின்றால் நாக்கு எழாதே, அப்படி. காலையில் ஜன்னலருகே நின்றாள். கை தானாக விலாவுக்குப் போயிற்று. விரித்தாள். பாதியில் இருமல் வந்து அவளைக் கட்டிலில் உட்கார வைத்தது. கணவன் முதுகைத் தடவிக்கொண்டே, "பஸ்ஸுக்கே வயசானா ஏத்தத்துல நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டறோம்" என்றான். வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தான். சொல்லிவிட்டுச் சீப்பைத் தேடப் போனான்.

ஒருநாள் அவள் கடைக்குப் போய்த் திரும்பும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். மறுநாளும் இருந்தது. மூன்றாவது நாள் அதன்மேல் ஒரு சின்னத் திண்டும் இருந்தது. அவள் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கதவு திறந்தது. இரண்டாம் மாடிக்காரர், ஓய்வு பெற்ற மனிதர். காலையில் அவள் குரல் பழகத் தொடங்கினால் கீழிருந்து கூரையில் தட்டுகிறவர் இவர்தான். இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"நாற்காலி உங்களுதா?" என்றாள்.

"ஆமா. வீட்டுல இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடந்தது" என்றார் அவர் விறைப்பாக. போகிறவர் நின்றார். "காலையில சத்தமே காணோமே. எனக்குத் தூக்கம் கலையறதில்லை. எட்டு மணிவரைக்கும் தூங்கிடறேன். நல்லா இல்லை."

கதவு சாத்திக்கொண்டது.

பெரியவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கூரையில் தட்டின மனிதர். ஒருத்திக்குப் படியேற மூச்சு இல்லை என்று பார்த்தார், கையிலிருந்ததைக் கொண்டுவந்து போட்டார். அதனால் இவள் நோய் என்ன ஆகும், டாக்டரிடம் இவளை அனுப்ப வேண்டாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நாற்காலி வந்திருக்காது. சின்னவளும் அதைத்தானே செய்தாள்? அக்காளுக்கு மூச்சு இல்லை என்று முழங்கை சொன்னது, தன் மூச்சைக் கொண்டுவந்து போட்டாள். அதிலிருந்து கேடு விளையும் என்று அவள் கண்டாளா? அன்பு எப்போதும் முன்னால் போய்விடுகிறது, அறிவு செருப்பு மாட்டிக்கொண்டு பின்னால் வருகிறது. அந்தக் குழந்தையைப் போய்த் திருடி என்றேனே என்று பெரியவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சொல்லே வராமல் தவித்த பிரார்த்தனை அப்போது தானாக வந்தது. "அவளைத் தனியா விட்டுடாதே" என்பதுதான் அது.

சின்னவள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். மறுநாள் மதியம் பெரியவள் வரிசையில் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் தங்கை குனிந்தபடியே, "எங்க போகணும்?" என்றாள்.

"உன்கிட்டத்தான் வந்திருக்கேன்."

சின்னவள் நிமிர்ந்தாள். முகம் ஒரு சுற்று இளைத்திருந்தது. "அதுக்கு டிக்கெட் கிடையாது. அடுத்தவங்க வாங்க."

"அடுத்தவங்க நிக்கட்டும். ஏன் பாட மாட்டேன்னு சொன்னே?"

"உன்னை நான்தான் கெடுத்தேன். டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். நான் தாங்காம இருந்திருந்தா முதல் வரியிலேயே உனக்குத் தெரிஞ்சிருக்கும். எந்த வாயால இனிமே பாடறது?"

பின்னால் நின்ற ஆள், "அம்மா, ரயில் போயிடும், குடும்பச் சண்டையை அப்புறம் வச்சுக்கங்க" என்றார்.

"அடுத்த ரயில் இருக்குங்க. எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி" என்றாள் பெரியவள். அவருக்குப் பின்னால் நின்ற பெண் சிரித்துவிட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து வரிசைக்குப் போனார்.

"அக்கா, போ. மேலதிகாரி பாக்கறாரு."

"பாக்கட்டும். திருடின்னு சொன்னதை வாபஸ் வாங்க வந்தேன். அதுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?"

கண்ணாடியில் இருந்த அரைவட்ட ஓட்டை வழியாகப் பெரியவள் கையை நுழைத்தாள். தங்கை அதைப் பிடித்துக்கொண்டு நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டாள். வரிசை பொறுத்துக்கொண்டு நின்றது. உலகத்தில் எல்லாரும் அவசரக்காரர்கள் இல்லை.

அன்று மாலையே சின்னவள் வீட்டுக்கு வந்தாள். ஆனால் பாடு என்றால் மறுபடியும் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"இது வேற. எனக்கு வரலைக்கா. நிஜமாவே வரலை. வீட்டுல தனியாப் பாடிப் பாத்தேன். எங்க மூச்சு எடுக்கறதுன்னே தெரியலை."

"இது என்ன கூத்து? இத்தனை வருஷம் மூச்சு எடுக்காமலா பாடினே?"

"உன் மூச்சு முடிஞ்சு திரும்ப வந்ததும் நான் எடுப்பேன். எனக்குன்னு ஒரு இடம் நான் பாத்ததே இல்லை. நீ பக்கத்துல இல்லைன்னா நடுவார்த்தையில தடுக்கி விழறேன்."

"பாடு, பாப்போம்."

பாடினாள். அவள் சொன்னது சரிதான். காற்று நிறைய இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு சொல்லின் வயிற்றில் வெட்டினாள், அடுத்த அடியில் எடுக்க மறந்து கடைசியில் திணறினாள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். தன் மூச்சில் தங்கை தொங்கிக்கொண்டிருக்கிறாள் என்று முன்பு நினைத்திருந்தாள். பிறகு பதிவு அறையில், தங்கையின் மூச்சில் தான் தொங்கியதைக் கேட்டாள். இரண்டுமே உண்மைதான் என்று இப்போது தெரிந்தது. ஒன்றை ஒன்று தாங்கிய இரண்டு சுவர்கள். ஒன்று போனால் மற்றது நிற்குமா என்பதுதான் கேள்வி. தன் நுரையீரலைப் பற்றிக் கேட்டபோது வராத பயம் அவளுக்கு இப்போது வந்தது.

"சரி. மண்டபத்துல இன்னும் ஒரே ஒரு தடவை ரெண்டு பேரும் பாடுவோம்" என்றாள்.

"டாக்டர் சொன்னாரே!"

"நீளமாப் பிடிக்க வேண்டாம்னார். என்னால எவ்வளவோ அவ்வளவுதான் பிடிப்பேன். ஆனா நீ எனக்கு ஒரு வாக்குக் குடுக்கணும். என் குரல் நின்னா நீ அதை மூடக் கூடாது. ஓட்டை விழட்டும். நான் எங்க முடியறேன்னு நானும் கேக்கணும், கேக்கறவங்களும் கேக்கணும். சாமிக்கு மட்டும் எப்பவோ தெரியும்."

"நாலு பேர் முன்னாலயா? மூச்சுக்காரின்னு சொன்ன வாயெல்லாம்..."

"சொல்லிட்டுப் போகட்டும். பொய்யா நிறைஞ்சு இருக்கறதைவிடக் காலியா இருக்கலாம்."

சின்னவள் சரி என்று தலையாட்டினாள். டிரைவர் சமையலறையில் பாத்திரத்தைத் தேவையில்லாமல் கழுவிக்கொண்டிருந்தான்.

மாலைப் பிரார்த்தனைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. செய்தி பரவியிருந்தது போலும். இரண்டாம் மாடிக்காரர் கடைசி வரிசையில் தெரிந்தார். ஒலிப்பதிவாளர் ஓரத்தில் நின்று மைக்கைச் சரிசெய்துவிட்டு, பெரியவளைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். அக்காளும் தங்கையும் வழக்கம்போல ஒட்டி உட்கார்ந்தார்கள். சுருதிப்பெட்டி ஒலிக்கத் தொடங்கியது.

முதல் அடிகளைப் பெரியவள் சின்னச் சின்னதாக, அளந்து பாடினாள். குரலில் இனிமை போகவில்லை. மாலை வெயில் போல் இருந்தது அது, சூடில்லை, நிறம் மட்டும் இருந்தது. பாடும்போது அவள் மனம் எதையும் கேட்கவில்லை. இந்தக் காற்று உள்ளே வருகிறதே, இது போதும், இது போதும் என்று மட்டும் இருந்தது.

"அருள்வாயே" வந்தது. இருமல்கள் அடங்கின. தாய்மார் குழந்தைகளை இறுக்கினார்கள்.

இருவர் குரலும் "யே"யில் நின்றன. பெரியவள் விலாவை மூடவிடாமல் பிடித்தாள். உள்ளே ஏதோ விறைத்த ஒன்று மெல்ல மெல்ல மூடிக்கொண்டே வந்தது. அவள் அதோடு சண்டை போடவில்லை. குரல் மெலிந்தது, நடுங்கியது, நின்றது. அதே நொடியில் பக்கத்திலிருந்த குரல் தடித்தது, இருண்டது, அவளுடைய குரலாகவே மாறி அந்த இடத்தை நிரப்பியது. சின்னவள் வேண்டுமென்று செய்யவில்லை. முழங்கைக்கு வாக்கெல்லாம் தெரியாது.

மண்டபத்துக்கு எதுவும் தெரியவில்லை. கார்வை போய்க்கொண்டிருந்தது, என்றும் போல. ஒரு கணம், ஒரே கணம், அப்படியே இருந்துவிடலாம் என்று பெரியவளுக்குத் தோன்றியது. கைதட்டல் வரும். யாராவது, மூச்சு வாங்கறது நாமதான் என்று சொல்வார். எல்லாம் பழையபடி முடிந்துவிடும்.

அவள் தங்கையின் முழங்காலில் கையை வைத்தாள்.

சின்னவளின் குரல் அறுந்தது. சுருதிப்பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. மண்டபம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. அந்த வெறுமையில் பெரியவளின் மூச்சு மைக்கில் கேட்டது, இழுப்பும் கரகரப்புமாக. யாரும் அசையவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவள் அந்தச் சத்தத்தை மறைக்கவில்லை. தலை குனியவும் இல்லை. மூச்சு கொஞ்சம் அடங்கியதும், முழங்காலில் இருந்த கையால் தங்கையை மெல்லத் தட்டினாள், தூங்கும் பிள்ளையை எழுப்புவதுபோல்.

"நீ பாடு" என்றாள். மைக்கில் அதுவும் விழுந்தது.

சின்னவள் அக்காளைப் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் இறங்கி மோவாயில் நின்றது. பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டு பாட்டை முதல் அடியிலிருந்து எடுத்தாள். அது அவளுடைய மெல்லிய குரல்தான், யாருடைய நிறத்தையும் பூசிக்கொள்ளாதது. இரண்டாம் அடியில் சொல்லின் நடுவே வெட்டினாள். மூன்றாம் அடியில் எடுக்க மறந்து, அடி முடிவதற்குள் திணறி, "ஹ்" என்று ஊரே கேட்கும்படி காற்றை இழுத்தாள்.

பெரியவள் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். தங்கை மூச்சு எடுக்கும் சத்தத்தை ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. கேட்காதபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள் அந்தப் பெண். அழகான சத்தம் இல்லை அது. சளி பிடித்த குழந்தை அழுகைக்கு நடுவே காற்று வாங்குவது போல் இருந்தது. அது நிற்காமல் இருக்க வேண்டுமே என்று பெரியவள் தன் விலாவைத் தானே இறுக்கிக்கொண்டாள்.

"அருள்" என்றாள் சின்னவள். நின்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி மூச்சு எடுத்தாள். "வாயே" என்று பிடித்தாள்.